துண்டுக்குள் கொடுத்த கை

காங்கேயம் மாட்டுத் தரகர் ராசப்பனின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. சோறு தின்னும்போதும் பேசுவார், சவரம் செய்யும்போதும் பேசுவார். கன்னத்தில் இருக்கும் இரண்டு தழும்புகள் அப்படி வந்தவைதான். பல் கொட்டிய எருதைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினால், வாங்க வந்தவன் பல்லைப் பார்க்கவே மறந்துபோவான். ஆனால் விலை என்று வந்துவிட்டால் மட்டும் மூச்சு விட மாட்டார். தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைகளின் மேலும் போடுவார். உள்ளே விரலும் விரலும் பேசிக்கொள்ளும், சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினால் பேரம் முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் மாற்றக் கூடாது. சந்தையில் அதுதான் சட்டம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு, 1994-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டி வந்தது.

காரணம் மகள் கயல்விழி. கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். அதே கம்பெனியில் டிராயிங் போடும் பிரான்சிஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையன் வேதக்காரன் என்பதில் ராசப்பனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. இரண்டு வீடும் ஒரே சனம். அவர்கள் தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். சிக்கல் பையனின் அப்பா ஜெரோம். ஒரு மாதமாக அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கார்டு போட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ஆராதனை, வந்து எங்களோடு உட்காருங்கள், பிறகு பேசலாம் என்று எழுதியிருந்தார்.

"ஏனுங்க, அவிய கிறிஸ்தவங்கள்லயே குவேக்கருங்கற கூட்டமாமா. பாட்டு, பிரசங்கம் ஒண்ணுங் கெடையாதாமா. எல்லாரும் பேசாம உட்கார்ந்திருப்பாங்களாமா" என்றாள் மனைவி பழனியாத்தாள். "நீங்க வாயத் தொறந்தீங்கன்னா காரியம் கெட்டுதுன்னு வெச்சுக்குங்க."

"சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு புள்ள பத்து மணி? பன்னெண்டு மணிக்கு உட்கார்ந்தா ஆகாதாமா?"

கயல்விழி சிரிக்கவில்லை. தேய்த்த துண்டை மடித்து அப்பாவின் தோளில் போட்டாள். "அவங்கப்பா மாட்டேன்னு சொல்லிட்டா பிரான்சிஸ் மீற மாட்டாருங்கப்பா" என்றாள். ராசப்பன் தனியாகப் பஸ் ஏறினார். பல்லடம் தாண்டும்வரை பஸ்ஸில் பக்கத்து ஆளிடம்கூடப் பேசவில்லை. மகளின் பெருமைகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தார்.

கோவையில் ஜெரோம் தன் வீட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டு, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். ஃபவுண்டரி இரைச்சலில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கூடத்தில் வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள். சிலுவை இல்லை, படம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. பிரான்சிஸ் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

ஐந்து நிமிஷம் ராசப்பன் சமாளித்தார். பத்தாவது நிமிஷம் தொண்டையில் அரித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது, அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. அப்போது பார்த்து எதிரில் இருந்த தடித்த மனிதரின் வயிறு, தொட்டியில் எருமை தண்ணீர் குடிப்பதுபோல, நீளமாக ஒரு சத்தம் போட்டது. ஒருவர் முகமும் அசையவில்லை. ராசப்பனுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. அடக்க அடக்க மேலே வருகிறது, தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. துண்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். பக்தியில் அழுகிறார் என்று நினைத்து, மறுபக்கத்தில் இருந்த அம்மாள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த அம்மாள் ராமாமணி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். சற்று நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். "இன்னைக்கு விடியால எங்கூட்டு முருங்கை மரத்துல ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்துச்சுங்க. தங்கச்சி மேல இருந்த கோவம் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அட, மனசில் பட்டதைச் சொல்லலாமா? இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பழனியாத்தாள் சொன்னது காற்றோடு போயிற்று. ராசப்பன் எழுந்துவிட்டார்.

அடுக்கி வைத்திருந்த பெருமைகளில் முதலாவதை எடுக்க வாயைத் திறந்தார். வரவில்லை. அவ்வளவு நேரம் அமைதியில் ஊறிப்போன வாய் வேறு எதையோ பேசியது.

"நான் மாட்டுத் தரகனுங்க. மாட்டு மேல கெட்ட சுழி இருந்தாலும் மறைச்சு வித்துப்போடுவேனுங்க. என்ற புள்ளயவும் அப்படித்தான் பேசி முடிச்சுப்போடலாம்னு பஸ்ஸேறி வந்தேன். இங்க உட்கார்ந்தா பொய் வரமாட்டேங்குதுங்க. அவளுக்குச் சோறாக்கத் தெரியாதுங்க. அவ வெச்ச ரசத்த மாடுகூட மோந்து பார்க்காதுங்க. ஏழு மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டா. கோவம் வந்தா மூணு நாளைக்குப் பேச மாட்டா. ஆனா அவ இல்லாத நாள்ல எனக்கு ஊடே புடிக்கறதில்லீங்க. அவ்வளவுதானுங்க."

உட்கார்ந்தார். ஃபேன் மட்டும் கடகடவென்று சுற்றியது. ஜெரோமின் கண் மூடியபடியே இருந்தது. பிரான்சிஸின் காது மட்டும் சிவந்திருந்தது.

கெடுத்துப்போட்டேனே என்று ராசப்பனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பெற்ற அப்பனே பெண்ணுக்குச் சுழி சொல்வானா? கயல்விழி முகத்தில் எப்படி விழிப்பது? மிச்சம் இருபது நிமிஷம். அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

பதினொரு மணி அடித்ததும் ஜெரோம் கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருந்த ராசப்பனிடம் கையை நீட்டினார். இவர்கள் ஆராதனையை முடிப்பது இப்படித்தான், பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அது ராசப்பனுக்கு எப்படித் தெரியும்? பேசாமல் ஒருவர் கையை நீட்டினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இருபத்தெட்டு வருஷமாக அவர் கைக்குத் தெரியும். யோசிப்பதற்குள் தோள் துண்டு இறங்கி இரண்டு கைகளின் மேலும் விழுந்துவிட்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. சாமி கும்பிடுகிற இடத்தில், மகளின் மாமனாராக வரவேண்டிய மனிதரை மாடு விற்க வந்தவராக்கிவிட்டோமே என்று உறைத்ததும் ராசப்பன் கையை இழுத்தார். வரவில்லை. உள்ளே ஜெரோமின் விரல்கள் அவருடைய ஐந்து விரலையும் ஒன்றாகச் சேர்த்தன. பிறகு ஓர் அமுக்கு.

ஜெரோமின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எத்தனையோ சந்தை பார்த்த தரகர் முகம்தான்.

"என்ற அப்பன் உங்கூரு சந்தைக்குத்தான் மாடு ஓட்டிக்கிட்டு வருவாருங்க. இதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க, சம்பந்தி" என்றார்.

"அப்பறம் ஒரு மாசமா ஏனுங்க பதிலே சொல்லல?"

"விசாரிச்ச எடத்துல எல்லாரும் உங்க புள்ளய நல்லதாவே சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரலீங்க."

முதலில் சிரித்தது அந்த வயிற்றுக்காரர்தான். அப்புறம் ராமாமணி, அப்புறம் எல்லோரும். ராசப்பன் ஒரு மணி நேரச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். டீ வந்தது, முறுக்கு வந்தது. அவர் அங்கே பேசிய பேச்சில் ஃபேன் ஓடியதே யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் காங்கேயத்து வீட்டு வாசலில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள்.

"பேசாம இருந்தீங்களா?" என்றாள் பழனியாத்தாள்.

ராசப்பன் சொல்ல வாயைத் திறந்தார். பஸ்ஸில் கோவை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்த வார்த்தை, மகளின் முகத்தைப் பார்த்ததும் தொண்டையில் நின்றுவிட்டது. கயல்விழியின் முகம் வெளுத்தது.

"ஏனுங்க, வாயத் தொறந்து எதாச்சும் பேசுங்க" என்றாள் பழனியாத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர் தோள் துண்டை எடுத்து மகளின் கைமேல் போட்டார். உள்ளே அவளுடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

தரகர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைத் துடைக்கக்கூட அவள் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. துண்டுக்குள்ளேயே அப்பாவின் விரல்களைச் சேர்த்து, திருப்பி ஓர் அமுக்கு அமுக்கினாள்.