ஊரூர் குப்பத்தில் புழு மருந்து கொடுக்கப் போன கதை

கடலோரக் குப்பங்களுக்கு மருந்து கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. நான் போனது பெரிய யுத்தம் முடிந்து பத்து வருஷம் கழித்து, ஒரு கோடை விடுமுறையில். அப்போது சாந்தோமில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குப்பத்து ஜனங்களின் குடலில் கொக்கிப்புழு இருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது, ஒரே வாரத்தில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிடலாம், பெண்களிடம் பேச மட்டும் ஒரு பெண் வேண்டும் என்று சுகாதார டாக்டர் ஒருவர் கேட்டார். சும்மா இருக்கத் தெரியாத நான் சரி என்றேன்.

சாந்தோமிலிருந்து ஊரூர் குப்பம் மூன்று மைல் இருக்கும். டிராம் மயிலாப்பூரோடு நின்றுவிடும். அப்புறம் ஜட்காதான். ஆறணா கேட்பார்கள், நாலணாவுக்கு வருவார்கள். அடையாற்றுப் பாலம் வரை காற்று சுகமாக இருந்தது. பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பியதும் வண்டிக்காரர் இறங்கி நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல குதிரை வராதும்மா. மணல்ல சக்கரம் பொதைஞ்சிபூடும். நடந்துக்கினே போங்க" என்றார்.

"குப்பம் வரைக்கும் என்றுதானே பேசினோம்?"

"அதோ தெரியுதே, அதான் குப்பம்."

தெரியத்தான் செய்தது, அரை மைல் தூரத்தில். தாழம்புதர்களுக்கு நடுவே, செருப்புக்குள் மணல் கொதிக்க நடந்தேன். குடை கொண்டுபோகாதது என் முட்டாள்தனம்.

டாக்டர் ஓலைப் பந்தலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். முறை இதுதான்: முந்தின இரவு பட்டினி. காலையில் எண்ணெய் மருந்து அடைத்த குளிகை. இரண்டு மணி நேரம் கழித்துப் பேதி உப்பு. வயிறு சுத்தமாகும்வரை சோறு கிடையாது. முன்னும் பின்னும் கள் தொடவே கூடாது. கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஆண்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் மறுநாள் விடியுமுன் கட்டுமரத்தில் ஏறிவிட்டார்கள். கடலில் வைத்துப் பேதியானால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். டாக்டர் குளிகைகளை எண்ணத் தொடங்கினார்.

பெண்கள் மட்டும் சமர்த்தாக வந்தார்கள், குளிகையை வாயில் போட்டுக்கொண்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், பேதி உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு படகின் பின்பக்கம் நிழலுக்கு ஒதுங்கியபோதுதான் பார்த்தேன், மணலில் குளிகைகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, வெளியே வந்து துப்பியிருக்கிறார்கள்!

எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நேரே அஞ்சலையின் குடிசைக்குப் போனேன். அஞ்சலை மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள். முப்பது வயது தாண்டாது. நகமெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்து, பாதம் வீங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். கூடையை இறக்கி இறக்கி வைத்துப் போவதால் அவள் மீன் எப்போதும் கடைசியில்தான் விலை போகும். இவளாவது ஒழுங்காக விழுங்கியிருப்பாள் என்று நம்பியிருந்தேன்.

"நீயும் துப்பினாயா?"

"ஆமா. உப்பையும் கொட்டிட்டேன்."

"செத்துப்போவாய், தெரியுமா?"

"தெரியும். நீ சொம்மா கத்தாதே டீச்சரம்மா." கதவுப் படலைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "பேதிக்குப் பகல்ல குடுக்கிறீங்க. பொம்பளைங்க நாங்க இருட்டோட போயிட்டு இருட்டோட வர்றவங்க. பட்டப்பகல்ல எங்க போயி குந்துறது? கரை பூரா ஆம்பளைங்க வலை பிரிச்சிக்கினு கீறாங்க."

"இதை முதல் நாளே சொல்லக்கூடாதா?"

"யாராண்ட? அந்த மீசைக்காரு டாக்டராண்டயா?"

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லியே. முழுங்கு முழுங்குன்னுதானே சொன்னே" என்றாள்.

டாக்டரிடம் ஓடினேன். தாழம்புதர் ஓரத்தில் நாலு தட்டி கட்டி மறைவு பண்ணித் தரலாமே என்றேன். மருந்துக்குத்தான் உத்தரவு, தட்டிக்கு உத்தரவு இல்லை என்றார். குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால், அது படகு ஏற்றும் இடம், அங்கே அசிங்கம் கூடாது என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடம் லீவில் பூட்டித்தானே கிடக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள் என்று நிர்வாகியைக் கேட்டேன். மீன்காரிகளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மிஞ்சியது எங்கள் வீடு. அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "நம்ம வீட்டுக் கக்கூஸிலா?" என்றார்.

"ஆமாம். நீங்கள் அன்றைக்கு ஆபீசுக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கொல்லைப்புறம் சுத்தம் செய்ய வருகிறவளிடம் விஷயத்தைச் சொல்லி, இரட்டைக் கூலிக்குச் சம்மதம் வாங்கினேன். டாக்டரும், அவர் மனதைக் குறை சொல்லக்கூடாது, மருந்துப் பெட்டியோடு காலையிலேயே வந்து வாசல் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

இருபது பேராவது வருவார்கள் என்று கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். வந்தவர்கள் ஆறு பேர். அஞ்சலை கடைசியில், மதில் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். குளிகையை விழுங்கிவிட்டு எனக்கு வாயைத் திறந்து காட்டினாள். "நாக்குக்கு அடியிலயும் பாத்துக்கோ." மத்தியானம் வரை தலைசுற்றலில் கொல்லையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, டாக்டரை மூன்று தடவை எழுப்பினேன். சாயங்காலம் கஞ்சி கேட்டுக் குடித்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறிவிட்டது. பாலத்திலிருந்து மார்க்கெட் வரை கூடையை இறக்காமல் வருகிறாள். வராத மற்றவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். ஒருத்தி அந்த வருஷமே பிரசவத்தில் ரத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தாள். அவள் துப்பிய குளிகையும் அந்த மணலில்தான் கிடந்திருக்கும்.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. தியாகராய நகரில் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய வீட்டில், சுகாதாரத்தைப் பற்றி ஒரு கூட்டம். குப்பத்து ஜனங்கள் மருந்தை மறுப்பதற்குக் காரணம் மூடநம்பிக்கை என்று ஒரு கனவான் அரை மணி நேரம் பேசினார். நான் எழுந்து, "அங்கே கக்கூஸ் இல்லை, ஐயா" என்றேன். பட்டுப்புடவை மாமிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கனவான் தொண்டையைக் கனைத்துவிட்டு, காபி தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

ஆகவே, போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜட்காக்காரரிடம் மணல் வரைக்கும்தான் என்று பேசிக்கொள்ளுங்கள். குடை எடுத்துப் போங்கள். பெண்களைத் தனியாகக் கூட்டி உட்காரவைத்து, பேதியானால் எங்கே போவீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மருந்துப் பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால், நாலு மூங்கிலும் பத்துக் கீற்றுத் தட்டியும் மண்வெட்டியும் அனுப்பிவையுங்கள். அவை போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் நீங்கள் கிளம்புங்கள்.