ரேமுக்கு வைத்த பொட்டு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுத பூசையன்று சந்தனம் வாங்காத இயந்திரம் கிடையாது. கொழுந்தை உருட்டும் ரோலர், காய வைக்கும் டிரையர், ஆபிசில் நான் கணக்கெழுதும் மேசை, எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. போன வருடம் அந்த வழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

அப்போதுதான் பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்து, என் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்திருந்தேன். வெறும் தகரப் பெட்டிக்குப் பொட்டு வைத்து என்ன பயன் என்று தோன்றியது. பக்க மூடியைக் கழற்றி, உள்ளே நிமிர்ந்து நின்ற ரேம் அட்டையின் தலையில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூடியைப் போட்டுத் திருகினேன்.

பூசையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. தொடவில்லை. வெளியே மழை விடவில்லை. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் துவைத்துப் போட்ட காலுறையே காயாது. சந்தனத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

விஜயதசமி காலையில் மனைவி குளித்து வந்து பொத்தானை அழுத்தினாள். அவள் விஞ்ஞான டீச்சர். சாதாரண தர வகுப்பில், அதாவது பதினோராம் வகுப்பில், படிக்கும் பிள்ளைகளுக்கான வினாத்தாளைப் படங்களோடு அதற்குள்தான் செய்து வைத்திருந்தாள். மறுநாள் பரீட்சை. விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"என்னங்க, இது மூச்சு வாங்குது. வந்து பாருங்க."

வந்து பார்த்தேன்.

"பென் டிரைவ்ல ஒரு கொப்பி போட்டு வைங்கன்னு சொன்னேனே, போட்டீங்களா?"

நான் பூட்டிய மெஷினுக்குக் கொப்பி எதற்கு என்று அன்றைக்குக் கேட்டவன் நான். "மொதல்ல வயரைப் பாப்போம்" என்றேன்.

வயர் நன்றாகத்தான் இருந்தது. பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். பிறகு மதர்போர்டை. பிறகு புரொசெசரை. பயம் கூடக் கூட, விலை கூடிய பாகமாகப் பார்த்துச் சந்தேகம் வந்தது. மௌசைக் கழற்றினேன், அது ஏன் என்று இன்றுவரை தெரியாது. பெட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினேன், எங்கள் பழைய ரேடியோவுக்குத் தட்டுகிற அதே இடத்தில். மனைவி கதவடியில் கைகட்டி நின்றாள்.

கடைசியில், பாகங்கள் வாங்கிய ஹட்டன் டவுன் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நானே பூட்டித் தர்றேன்னு சொன்னேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்கண்ணே."

"அது பழைய கதை தம்பி. இப்ப என்ன செய்யலாம்?"

"ரேமைக் கழட்டித் தொடச்சு மாட்டிப் பாருங்க. தூசி கீசி இருக்கும்."

புது மெஷினில் தூசி எப்படி வரும் என்று முனகிக்கொண்டே கழற்றினேன். தூசி இல்லை. காயாத சந்தனம் அட்டையில் வழிந்து இறங்கி, கீழே செருகும் இடம்வரை போயிருந்தது. குங்குமமும் கூடவே போயிருந்தது.

"என்னண்ணே இருக்கு?"

"கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

"மஞ்சளாவா?"

"செவப்பும் இருக்கு."



"தேங்காயும் ஒடச்சீங்களாண்ணே?"

போனை வைத்தேன். மனைவி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஈரம் கரண்டைக் கடத்தும். இது எந்த வகுப்புப் பாடம் தெரியுமா?"

"நம்பிக்கையில வச்சது."

"நம்பிக்கையைப் பெட்டிக்கு வெளிய வச்சிருக்கலாம்."

துணியால் சந்தனத்தைத் துடைத்தெடுத்தாள். தன் கைப்பையிலிருந்து அழிரப்பர் எடுத்துத் தந்தாள். அட்டையின் பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன். பக்கத்தில் ஒரு வெற்றுச் செருகிடம் இருந்தது, பொட்டு படாதது. அதில் மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன்.

திரை வெளுத்தது. வினாத்தாள் இருந்தது, படங்களெல்லாம் அப்படியே.

பாராட்டுக்காக நாற்காலியின் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் முதலில் வினாத்தாளைப் பென் டிரைவில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு கடைசிக் கேள்விக்குக் கீழே புதிதாக ஒன்றைத் தட்டினாள்: 'ஈரச் சந்தனம் பட்ட மின்சுற்று சரியாக இயங்காமைக்குக் காரணம் கூறுக.'

"எத்தனை புள்ளி?" என்றேன்.

"ரெண்டு."

"எனக்குப் பதில் தெரியும்."

"இப்பத் தெரியும்" என்றாள். பிரின்டருக்குத் தாள் வைக்கச் சொன்னாள்.