மயிலுக்குப் புளித்தண்ணீர்

1. கரைப்பாதையில்

முதலில் கண்ணில் பட்டது ஒரு பெட்டை மயில். பாதையின் நடுவே செத்துக் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. அலகோரம் நுரை தள்ளியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நாணலுக்குள் தோகையோடு ஒரு சேவல் மயில்.

எழுபதுகளின் கடைசியில், சமயநல்லூருக்கு மேற்கே வைகைக் கரையோரக் காப்புக்காட்டில் நான் ஃபாரஸ்ட் கார்டு. மருதமரங்களுக்குக் கீழே போகும் ஒற்றையடிப் பாதையில் காலையும் மாலையும் நடந்து பார்த்து வருவதுதான் வேலை. பீட் நடப்பது என்போம்.

அன்று காலை பாதை வளைவில் திரும்பியபோது வீரணன் உட்கார்ந்திருந்தான். காட்டை ஒட்டிக் கடலை போடுகிற சம்சாரி. மடியில் ஒரு மயில். அதன் அலகைப் பிரித்து, விஷம் முறியட்டும் என்று சொம்பிலிருந்து புளித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான். மயிலின் கழுத்து நிற்காமல் துவண்டு விழுந்தது.

"குடிக்க மாட்டேங்குதுண்ணே" என்றான்.

"யாருப்பா மருந்து வச்சது?"

"நாந்தேன். கம்புல கலந்து வரப்புல போட்டேன். ஒண்ணு ரெண்டு செத்தா மத்தது வராதுன்னு நெனச்சேன். இம்புட்டும் வந்து திங்கும்னு நெனைக்கலண்ணே."

அவன் ஓடிப் போயிருக்கலாம். நான் வரும் நேரம் அவனுக்குத் தெரியும். அந்த மயில் செத்த பிறகும் மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

2. கேஸ்

அந்த வருசம் அவன் இரண்டு தடவை விதைத்தான். இரண்டு தடவையும் மயில்கள் கிளறித் தின்றுவிட்டன. அவன் பெண்சாதி பேச்சி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் தகரம் தட்டினாள். நான் ரேஞ்சரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மயில் தின்னதுக்கு நட்டஈடு குடுக்க ரூல் இல்லய்யா. வேலி போட்டுக்கச் சொல்லு" என்றார்.

வீட்டில் சாப்பிட வைத்திருந்த கடலையைத்தான் மூன்றாவது தடவை விதைத்தார்கள். அதற்குக் காவலாகத்தான் அந்த மருந்து.

மயில்கள் செத்த அன்று மத்தியானம் ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். "தேசியப் பறவைய்யா. இதை விட்டா ஒன் வேலையும் போகும், என் வேலையும் போகும். புக் பண்ணு."

கண்டதையும் அவன் சொன்னதையும் வைத்து மகஜர் எழுதினேன். ஜீப்பில் ஏறும்போது வீரணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த மனுசன் புளித்தண்ணி ஊத்துனதையும் எழுதுனீகளாண்ணே?"

"எழுதியிருக்கேன் தாயி."

உண்மையாகவே எழுதியிருந்தேன். கோர்ட்டில் வீரணனும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் ஜெயிலுக்குத்தான் போனான்.

3. கடலை

மயில்கள் இல்லாததால் அந்தப் போகம் கடலை நன்றாக விளைந்தது. பேச்சி தனியாளாக நின்று பிடுங்கினாள். ஒருநாள் நான் பீட்டிலிருந்து திரும்பும்போது, அவித்த கடலையைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னால் ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை.

வீரணன் விடுதலையாகி வந்தபின் காட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். நானே அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் இளைத்திருந்தான். "நடந்தது நடந்துபோச்சு, விதைக்கிற வழியைப் பாரு" என்றேன்.

"முடியலண்ணே. புள்ளைக்குத் தண்ணி குடுக்கப் போனா அந்த மயிலு கழுத்து தொவண்டதுதேன் கண்ணுல நிக்குது. பேச்சிதேன் குடுக்கா" என்றான்.

நிலத்தை ஒரு செங்கல் காளவாசலுக்கு விட்டுவிட்டு, விளாங்குடியில் ஒரு மரக்கடையில் மரம் தூக்கக் குடும்பத்தோடு போய்விட்டான்.

4. வரப்பில்

அடுத்த விதைப்புக் காலத்தில் நானும் வாட்சர் சிக்கந்தரும் ஒரு முடிவுக்கு வந்தோம். விதைத்தது முளைத்து நிலைக்கும்வரை காலை பீட்டைக் காட்டுக்குள் நடக்காமல், காட்டோரமாக வரப்புகளில் நடப்பது. மயில் வெளியே வரும் நேரமும் அதுதான். சத்தம் கொடுத்தால் திரும்பிக் காட்டுக்குள் போய்விடும். "கார்டு வேலையா இது, காக்கா வெரட்டுற வேலையா?" என்று ரேஞ்சர் கேட்டார். ஆனால் தடுக்கவில்லை. நான் அங்கிருந்து மாற்றலாகும்வரை பிறகு ஒரு மயிலும் மருந்தில் சாகவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். காட்டைப் பார்த்துக்கொள்கிறவன் காட்டோரத்துச் சம்சாரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விதைப்புச் சமயத்தில் கொஞ்ச நாள் காலையில் வரப்பில் நடந்தால் போதும். அம்புட்டுத்தான் வேலை. அதை நான் தெரிந்துகொள்வதற்குள் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.