புளி போட்டுத் துலக்கிய சொம்பு

சிதம்பரத்தில் எங்கள் வீடு சின்னது. அதனால் வேண்டாத சாமான்களை மூட்டை கட்டி, மாதம் ஒருமுறை கடலூரில் ஒரு தேவாலயத்தார் நடத்தும் பழைய பொருள் கடையில் கொடுத்துவிட்டு வருவேன். விற்ற பணம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. ஆனால் நான் வெறுங்கையோடு திரும்பியதே கிடையாது.

போன மாதம் அங்கே ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. வெளியே வேப்பமரம் அசைய அசைய, சொம்பில் பட்ட வெயில் சுவரில் தண்ணீர் மாதிரி ஆடியது. எந்த வீட்டுச் சீரோ, யார் கை பட்டதோ என்று யோசித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கணவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம பரண்ல கெடந்ததுதானே? அடியில ஒங்க மாமா பேரு வெட்டியிருக்கு பாரு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மங்கலம்பேட்டை மாமா என் கல்யாணத்துக்குக் கொடுத்த சொம்பு! கறுத்துக் கிடந்ததைச் சரியாகப் பார்க்காமல், முந்தின மாதம் நானே மூட்டையில் போட்டிருக்கிறேன். கடையில் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறே மாமா வந்தார். அதில்தான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அடியில் இருந்த பெயரை விரலால் தடவினார்.

"இத்தனை வருஷமா பளபளன்னு வச்சிருக்கியே, பாப்பா!"

இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போதெல்லாம் எதைக் கொடுப்பதானாலும் முதலில் துலக்கி, ஒரு நாள் ஜன்னலில் வைத்துப் பார்க்கிறேன். அப்புறமும் ஆசை வராவிட்டால்தான் மூட்டைக்குப் போகும். பரண் காலியாகிவிட்டது. ஜன்னலில்தான் இடமில்லை.