பத்மாசினி அக்காவும் ஐம்பதாம் நம்பரும்

மதுரை தல்லாகுளத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் பத்மாசினி அக்கா இருந்தார். வீடு அவருடையதுதான். எனக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக மதுரைக்கு வந்தவள் நான். வீடு கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் முதலில் ஊரைக் கேட்டார்கள், அப்புறம் தெருவைக் கேட்டார்கள், அதற்குப் பிறகு வீடு இல்லை என்றார்கள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மோட்டார் போட்டா மறக்காம நிப்பாட்டுவியா முத்து?" முத்துச்செல்வி என்ற என் பெயர் அன்றைக்கே அவர் வாயில் முத்து ஆகிவிட்டது.

அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் ஜனகராஜ் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். மகன் கார்த்திகேஷ் ஒன்பதாவது படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் வீட்டைத் தாங்கியது அக்காவின் வேலை. ஆரப்பாளையம் பக்கம் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து மில்லுக்கு வரும் லைன் ஒன்றே ஒன்று. உள்ளே நாற்பது மேசைகள், நாற்பது எக்ஸ்டென்ஷன்கள். யார் கூப்பிட்டாலும் முதலில் அக்காவின் காதில்தான் விழும். யாருக்கு என்று கேட்டு, அந்த நம்பருக்குத் தள்ளிவிடுவார். மில்லை மூடிய பிறகு அக்கா வீட்டோடு இருந்தார்.

கார்த்திகேஷ் படித்து முடித்து புனேயில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தது 2008 தொடக்கத்தில். அவன் கல்லூரியில் கட்டிய கம்ப்யூட்டர் கீழ் வீட்டில், ஜன்னலோரம், அக்காவின் பழைய சேலையால் போர்த்தப்பட்டு இருந்தது. பிராட்பேண்ட் மோடமும் அங்கேதான். அதிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக ஏற்றி எங்கள் மாடிக்கும் அவனே இழுத்துக் கொடுத்திருந்தான். என் வீட்டுக்காரர் விக்ரம் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்.

புனே போவதற்கு முன் கார்த்திகேஷ் இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டுப் போனான். அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கிருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்யலாம். காலையில் அக்கா சேலையை எடுத்து, சுவிட்சைப் போட்டு, திரையில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு வெளியே தெரியும் நம்பரைப் போனில் சொல்லுவார். அந்த நம்பர் தினமும் மாறும். காஸ் புத்தகத்தின் பின் அட்டையில் என்னென்ன அழுத்த வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். சில மாதங்கள் ஒழுங்காக நடந்தது.

மே மாதம். கோர்ட்டுக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போகும். அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் போய், பன்னிரண்டு மணிக்கு வந்தது. சற்று நேரத்தில் கீழிருந்து அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரம் எனக்குப் புரியாது. நடுவே 'மோடம்', 'ரீஸ்டார்ட்' என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. இறங்கிப் போனேன்.

அக்கா செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"முத்து வந்திருக்கா, தமிழ்ல சொல்லு."

"முத்து அக்கா, மூணு மணிக்கு எங்க மேனேஜர் முன்னாடி என் ப்ரோகிராமை ஓட்டிக் காட்டணும்" என்றான் கார்த்திகேஷ். "அது ஓடுறதுக்கு வேண்டிய எல்லாமே அந்த கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இங்க போட்டுப் பார்த்தேன், ஓடல. இன்னைக்குக் காட்டலைன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நேத்து வரைக்கும் உள்ள போச்சு, இப்பப் போக மாட்டேங்குது."

மோடத்தை அணைத்துப் போட்டாகிவிட்டது. புது நம்பரை இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. நெட் வருகிறது, விளக்குகள் எல்லாம் எரிகின்றன. தடுப்பு மென்பொருளையும் பார்த்தாகிவிட்டது. மணி ஒன்று.

"போதும்மா, விட்ருங்க. எதாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன்" என்றான்.

திரையில் திறந்திருந்த மோடத்தின் பக்கத்தில் அவன் எழுதி வைத்திருந்த ஒரு வரியை அக்கா விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"கார்த்தி, இது என்னடா? இங்க ஏதோ நம்பர் போட்டு, கடைசியில ரெண்டுன்னு முடிச்சிருக்க?"

"வெளியில இருந்து நான் கூப்பிட்டா மோடத்துக்குத்தான் வரும்மா. அதை உள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்னு சொல்லியிருக்கேன். ரெண்டாம் நம்பர்னா நம்ம கம்ப்யூட்டர்."

"அட, அப்ப இது எக்ஸ்டென்ஷன். இதை முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, ரெண்டாம் நம்பர் நம்மதுதான்னு யாரு சொன்னது?"

"மோடம்தாம்மா குடுக்கும். எப்பவும் ரெண்டுதான் குடுக்கும்."

"எப்பவும்னு சொல்லாத. இன்னைக்கு என்ன குடுத்திருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?"

அவன் சொல்லச் சொல்லத் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி அடித்தார். வந்த வரிகளில் கடைசி எண்ணைப் படித்தார்.

"மூணு."

"மூணா?" என்றான் கார்த்திகேஷ்.

"நம்ம கம்ப்யூட்டர் மூணுன்னா ரெண்டு யாருடா?" என்று கேட்டபடி அக்கா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே எங்கள் வயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"முத்து, கரண்ட் வந்ததும் நீ கம்ப்யூட்டர் போட்டியா?"

"ஆமாக்கா. வந்த உடனே போட்டேன்."

"நான் கரண்ட் நிக்கட்டும்னு கால்மணி நேரம் பொறுத்துத்தான் போட்டேன். முதல்ல வந்தவ நீ, ரெண்டாம் நம்பர் உனக்குப் போயிருச்சு. அவன் இம்புட்டு நேரமா உன் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டிருக்கான்."

"ஐயோ, நான் போய் அணைச்சிட்டு வாரேங்க்கா" என்று எழுந்தேன்.

"உக்காரு. நீ என்ன தப்பு பண்ண? நாளைக்கும் கரண்ட் போகும், நாளைக்கும் நீ போடுவ." போனைப் பார்த்துப் பேசினார். "கார்த்தி, மோடம் குடுக்கிறதை வாங்காம நம்ம கம்ப்யூட்டருக்கு நிரந்தரமா ஒரு நம்பர் வைக்க முடியுமா?"

முடியும் என்றான். அக்கா ஐம்பது என்றார். மில்லில் நாற்பதுக்கு மேல் எண் கிடையாது, அதனால் ஐம்பதில் குழப்பம் வராது என்று காரணம் வேறு சொன்னார். இதற்கும் மில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் ஐம்பது போட்டு, மோடத்தில் இருந்த இரண்டை அழித்து அங்கேயும் ஐம்பது எழுதினார். ஒரு தடவை புள்ளியை விட்டுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார்.

"இப்பக் கூப்பிடு."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசைமேல் மௌஸ் அசையாமல் கிடந்தது. திரையில் அம்புக்குறி மட்டும் மெல்ல நகர்ந்தது. ஒரு கோப்பைத் திறந்தது, மூடியது. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். தெரியாமல் எதையாவது தொட்டுவிடுவோமோ என்ற பயம்.

மூன்று மணிக்கு அவன் காட்ட வேண்டியதைக் காட்டினான். பெட்டிகள் திறப்பதும் எண்கள் ஓடுவதுமாக அரைமணி நேரம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அக்கா எழுந்து போகவில்லை, சாப்பிடவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாக ஏதோ வந்தது. ஆங்கில எழுத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சு.

"என்னக்கா போட்டிருக்கான்?"

"சாப்டியாங்கிறான்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒற்றை விரலால், தேடித் தேடி, பதில் அடித்தார்.

அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அவனுக்கு எடுக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருவான். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறவன் அந்த வெள்ளைப் பக்கத்தில் அரைமணி நேரம் இருப்பான். அக்காவும் வேகமாக அடிக்கப் பழகிக்கொண்டார். ஒரு வருஷம் போல அது நடந்தது. நான் சனிக்கிழமைகளில் துணி காயப்போட இறங்கும்போது, காலி வீட்டில் அக்கா தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

2010இல் கார்த்திகேஷுக்குக் கல்யாணம் ஆனது. அக்காவையும் புனேவுக்கு அழைத்துக்கொண்டான். கீழ் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். போய் ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பாஷை தெரியாத ஊரில் என்ன செய்கிறாரோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"காய்க்காரம்மா பேசுற மராட்டி எங்க வீட்டுப் பேச்சு மாதிரிதான் இருக்கு, பாதிக்குப் பாதி புரியுது முத்து" என்றார். "ரெண்டு பேரும் வாசல்ல நின்னு எம்புட்டு நேரம் பேசினோம் தெரியுமா? கத்தரிக்காய்தான் நல்லா இல்ல. தண்ணியா இருக்கு."

அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். ஸ்ரீவர்ஷினி என்று பெயர், இப்போது ஒரு வயது. பிறகு பேசிய போதெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. போன மாதம் கூப்பிட்டபோது கோர்ட்டில் யார் யார் மாறிப் போனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு அழுகுரல் கேட்டது.

"முழிச்சிட்டா. வைக்கிறேன் முத்து" என்று வைத்துவிட்டார்.