பதிவு பண்ண வந்தவள்

என் பீரோ மேல் பூனைக்குட்டி மாதிரி ஒரு மயிர் உறை கிடக்கிறது. காற்று இரையாமல் இருக்க மைக்குக்குப் போடுவது. ஒயரும் மைக்குமாக எங்கள் உப்பளத்துக்கு வந்த ஒயர்காரி விட்டுப் போனது. மறந்து விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

இலங்கைக்காரி. வெளிநாட்டில் குடியிருந்தவள். ஆரோவில்லில் தங்கி, தினமும் ஸ்கூட்டரில் மரக்காணத்துக்கு வருவாள். முதல் நாளே, “அக்கா, உங்கட உப்பளத்தை ஒருக்காப் பதிவு செய்யலாமோ?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் பதிவு என்றால் பத்திர ஆபீஸ்தான். என் பன்னிரண்டு பாத்தியும் குத்தகை நிலம். எவர் பேருக்காவது எழுதிவிட்டால் நான் தெருவில்தான் நிற்க வேண்டும். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். போரில் அவள் தம்பி களப்பு என்று அவர்கள் சொல்லும் ஒரு உப்பங்கழிக் கரையில் காணாமல் போனானாம். கல்லறை கிடையாது. அதனால் உப்பு, காற்று, பறவை எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்த்து ஒரு இருட்டு மண்டபத்தில் ஒலிக்க விடுவாளாம். அதுதான் அவனுக்கு நினைவிடமாம். உப்புக்கு ஏது சத்தம்? செத்தவனுக்குப் படம் மாட்டி மாலை போடுவார்கள், பாத்தியில் ஒயரையா புதைப்பார்கள்? மறுத்தால் ஆள் கூட்டி வருவாளோ என்று பயந்து தலையாட்டி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில், உப்பு பூக்கும் பாத்திக்குள் ஒயரைப் புதைத்து, கரைமேல் கருவியை ஓடவிட்டு, கூனிமேட்டுக்குச் சாப்பிடப் போனாள். தம்பி போனதும் இப்படியொரு மத்தியானம்தான் என்று சொல்லியிருந்தாள். அவள் பதிவு கெடட்டும் என்று நான் மடைப் பலகையைத் தூக்கிவிட்டேன். தண்ணீர் பாய்ந்து, விளைந்திருந்த என் உப்பும் சேர்ந்து கரைந்தது. சந்தேகம் பிடித்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? திரும்பி வந்தவளிடம், நண்டு வளை போட்டு வரப்பு உடைந்துவிட்டது என்று கூசாமல் சொன்னேன்.

அவள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். நெல் பொரிவது போல மெல்லிய சத்தம். உப்பு பூக்கிறது. இத்தனை வருஷம் அதில் நின்றும் நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு உள்ளான் குருவி கத்தியது. அப்புறம் என் மெட்டி. என் இருமல். என் குரல்: “பதிவா பண்ற? பண்ணு, பண்ணு, பாக்குறேன்.” அதன்மேல் தண்ணீர்.

உடம்பு கூசிப்போய் நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “என்ட தம்பியின்ர குரல்கூட என்னட்ட இல்லை, அக்கா. உங்கட குரல் இருக்கு.”

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அந்த இருட்டு மண்டபத்தில் அவள் தம்பிக்காக உட்கார்ந்திருப்பவர்கள் காதில் என் குரலும் விழுகிறதோ என்னவோ, கேட்டுச் சொல்ல ஆளில்லை. வாரம் ஒருமுறை அந்த உறையை எடுத்துத் தூசி தட்டி வைக்கிறேன். வைத்து முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.