உனக்காகவா

டப்பிங் பேசுகிறவர்கள் மத்தியில் அவருக்கு ஒன்டேக் அக்கா என்று பெயர். மற்றவர்கள் ஒரே வசனத்தை நாலைந்து தடவை பேசிப் பார்ப்பார்கள். அக்கா திரையில் தெரியும் உதட்டை ஒரு முறை பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், பேசி முடித்துக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இளம் வயதில் கதாநாயகிகளுக்குப் பேசினார். பிறகு அண்ணிகளுக்கு, அப்புறம் மாமியார்களுக்கு. அறுபதைத் தாண்டிய பிறகு வந்ததெல்லாம் இருமி இருமிச் சாகிற கிழவிகள். அக்காவுக்கு ஒரு நாளும் இருமல் வந்ததில்லை.

அந்தப் படமும் அப்படித்தான் வந்தது. தீராத நோய் வந்த ஒரு இளைஞனை, மருந்து கண்டுபிடிக்கும் வரை இருக்கட்டும் என்று குளிர்பெட்டிக்குள் தூங்க வைக்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து எழுகிறான்; அதே மீசை, அதே முகம். அவனைக் காதலித்தவள் கிழவியாகிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "உனக்காகத்தான் இத்தன வருஷமும் உயிரோட இருந்தேன்" என்று சொல்லி, முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுகிறாள். பிறகு அவனை ஒரு சின்னப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுச் செத்துப்போகிறாள்.

அக்கா வழக்கம்போல ஒரே மூச்சில் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் தயங்கினார். அவருக்கு அது முதல் படம், மரியாதை தெரிந்தவர்.

"அக்கா, குரல் கொஞ்சம் நடுங்கணும். வயசானவங்கல்ல?"

"எனக்கும் அவ வயசுதான். என் குரல் நடுங்குதா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி தம்பி, ஒண்ணு கேக்கறேன். இந்த நாப்பது வருஷமும் அவ என்ன செஞ்சா?"

"காத்திருந்தாங்க."

"அது தெரியுது. என்ன செஞ்சா? வேலைக்குப் போனாளா, யாரோடயாவது சண்ட போட்டாளா, வீடு மாத்துனாளா?"

"அதெல்லாம் கதையில இல்லக்கா."

"அவன்தானே தூங்குனான். அவளுமா தூங்குனா?"

டைரக்டர் கையிலிருந்த வசனத் தாளைப் புரட்டினார்.

அக்கா கேட்டது வாயடிப்பதற்காக அல்ல. அவர் கணவர் வெல்டர். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது கடல் கடந்து வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு கம்பெனி மூடிவிட்டது, பாஸ்போர்ட் பறிபோனது, எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்ற வெட்கம் மிச்ச வருஷங்களைத் தின்றது. பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பையோடு வாசலில் வந்து நின்று, முக்குக் கடைக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி, "வந்துட்டேன்" என்றார். மகளுக்கென்று பையில் வைத்திருந்த கவுன் அவள் முழங்கையைக்கூடத் தாண்டியிருக்காது. அவள் அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"உள்ள வாங்க" என்றார் அக்கா. "ஆனா நீங்க விட்டுட்டுப் போன பொண்டாட்டி இங்க இல்ல. வேணும்னா என்னோட புதுசா பழகிப் பாருங்க."

மனுஷன் பழகினார். ஒரு வருஷம் முன்னறையில் படுத்துக்கொண்டு, ஸ்டூடியோ வாசலில் குடையோடு காத்து நின்று, சொந்த மனைவியிடம் சம்மதம் கேட்டார். "என்னப்பா, அம்மா இன்னும் சரின்னு சொல்லலையா?" என்று மகள் வேறு தினமும் வெறுப்பேற்றுவாள். கடைசியில் அக்கா சரி என்றார்.

உறவுக்காரர்கள், "உன் பொறுமைக்குக் கிடைச்ச பலன்" என்றார்கள். அந்தப் பேச்சுதான் அக்காவுக்கு ஆகாது. அந்த வருஷங்களில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். வாடகை வீட்டு ஓனர்கள் இரண்டு பேரோடு மல்லுக்கு நின்றார். ஒருவரைப் பிடித்துப்போய், பிறகு வேண்டாமென்று விட்டார். பொறுமைக்கு எங்கே நேரம்?

"இன்னொரு டேக் போறேன்" என்றார் அக்கா.

அவர் இரண்டாவது டேக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. சவுண்ட் இன்ஜினியர் அவசரமாகப் பட்டனைத் தட்டினார். திரையில் கிழவி வாயைத் திறந்தாள்.

"உனக்காகவா இத்தன வருஷமும் உயிரோட இருந்தேன்?"

'தான்' போய் 'வா' வந்திருந்தது, அவ்வளவுதான். உதடு ஏறக்குறையப் பொருந்தியது. கிழவி முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கியபோது அக்கா அழவில்லை, சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த, நாற்பது வருஷம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவளின் சிரிப்பு. குலுங்கும் தோளுக்கு அதுவும் பொருந்தியது.

டைரக்டர் அந்தத் துண்டை மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையே தலைகீழா ஆயிடும். தயாரிப்பாளர் ஒத்துக்க மாட்டார்" என்றார்.

"அப்ப வேற ஆளப் பாருங்க தம்பி. அந்த 'தான்' என் வாயில வராது."

வேறு ஆளைப் பார்த்தார்கள். ஒன்டேக் அக்காவுக்குத் தலைக்கனம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு மாதம் எந்த ஸ்டூடியோவிலிருந்தும் அழைப்பு இல்லை. கணவர் மெல்ல, "ஒரு எழுத்துதானே, விட்டுக் குடுத்திருக்கலாமோ?" என்றார். அக்கா பார்த்த பார்வையில், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

பிறகு டைரக்டரே போன் செய்தார். படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது, புது ஆளின் நடுங்கும் குரல் வந்ததும் பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்களாம். தயாரிப்பாளர் அரைமனதாக இறங்கி வந்திருந்தார். "உங்க டேக்கையே வெச்சுக்கறோம்க்கா. சாகற சீனுக்கு மட்டும் மூச்சுச் சத்தம் குடுத்துட்டுப் போங்க."

"அந்தச் சாவு எதுக்கு?"

"எடுத்தாச்சேக்கா. வெட்டுனா முடிவே இல்ல."

"அப்ப நீங்க வெச்சுக்கங்க. நான் மூச்சு விட மாட்டேன்."

விடவில்லை. படத்தில் கிழவி சத்தமே இல்லாமல் செத்தாள்.

படம் சுமாராக ஓடியது. அக்காவும் கணவரும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். இடைவேளையில் பின்வரிசை ஆள் ஒருவர், "கெழவிக்குக் கல்நெஞ்சு" என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பி, "அவளுக்குக் குரல் குடுத்தவளுக்கும் அப்படித்தான்" என்றார். அந்தக் குரலை அடையாளம் கண்ட மனிதர் பாப்கார்னில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெளியே நடந்து வரும்போது கணவர் கேட்டார்.

"நான் திரும்பி வந்த அன்னைக்கி நீ அப்படிச் சிரிக்கலையே?"

"சிரிச்சேன். நீங்க குளிச்சுக்கிட்டிருந்தீங்க."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. அக்கா அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.